ருசி பார்க்காமல் விற்பவள்

மாவடிவேம்பு ரோட்டோரம்
சட்டியை விரலால் தட்டியே விற்கிறேன் இப்போது.
"அக்கா, புளிக்குமா?"
அதற்கான பதில் முன்பு நாக்கில் இருந்தது.
காலையில் சட்டிக்கொரு கரண்டி,
ஆடையோடு.
பதினெட்டு வருசம்.

முதல் குத்து மாசிப் பனியில் வந்தது.
வலது விலாவுக்குக் கீழே ஆரோ முழங்கையை ஊன்றி
முதுகால் ஏறித் தோள்பட்டைவரை அழுத்தினாப் போல.
வாய்வு என்றார் புருசன்.
இஞ்சியும் உள்ளியும் இடித்துக் குடித்தேன்.
பாமசியும் வாய்வு என்றது,
வெள்ளைக் குளிசை பத்துத் தந்தது.
விடிய நாலு மணிக்கு அது தானாய்ப் போனது,
கடன் கேட்டு வந்தவன்
இன்னொரு நாள் வாறேன் என்று எழும்பினாப் போல.

மறுகா மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி.
குளிர்ந்த பசையை வயிற்றில் பூசி
ஸ்கான் பார்த்த பிள்ளை திரையைத் திருப்பினாள்:
கறுப்பாய் ஒரு பை. அடியில் வெள்ளை வெள்ளையாய்.
ஒவ்வொன்றுக்கும் பின்னால்
நிழல் விழுந்திருந்தது.
"பித்தப்பையில கல்லு அம்மா."

செய்தி எனக்கு முன்னே பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டது.
தெய்வானைப்பிள்ளை வாழைத்தண்டுச் சாறோடு நிற்கிறாள்.
அது சலக்கல்லுக்கடி, இது வேறை என்றால்
கல்லு கல்லுதானே என்கிறாள்.
சித்தாண்டி ஆள் ஒருவர்
எண்ணெயும் தேசிக்காய்ப் புளியும் அரைப்போத்தல் குடி,
காலையில் பச்சையாய் விழும் என்றார்.
டொக்டர் கோபிகரன் சிரிக்கவில்லை.
விழுவது எண்ணெய் கட்டினது,
கல்லு இருந்த இடத்திலேயே இருக்கும்;
குழாய்க்குள் இறங்கினால் கண் மஞ்சளாகும்,
காய்ச்சல் நடுக்கம் என்றால் நிற்காமல் வாங்க.
ஒப்பரேசனுக்கு ஆவணியில்தான் இடம்.
அதுவரை கொழுப்பு வேண்டாம்.

காப்பு விரதம் பிடிக்கலாமா?
வெறும் வயிறும் கூடாதாம்.
சாப்பாடு வராவிட்டால் பித்தம் தேங்கித் தடிக்குமாம்.
அம்மனுக்கு இதை எப்படிச் சொல்வதென்று
கிளினிக் கொப்பியில் எழுதித் தரவில்லை.

வீட்டில் தேங்காய் பிழிகிறேன்.
முதற்பால் பிள்ளைகளுக்கு, இரண்டாம் பால் அவருக்கு,
எனக்குப் புளியாணம்,
எண்ணெய் காணாத மணலை மீன்,
சிவப்பரிசிச் சோறு, வல்லாரை.
அயல்வீட்டில் றால் பொரித்தால்
வேலிவரை போய்த் திரும்புகிறேன்.

ஒரு நாள் மட்டும்.
எருமை நல்ல புல் மேய்ந்திருந்தது.
ஆடை மஞ்சள் பிடித்து, விரல் வைத்தால் உள்வாங்காமல்.
சுண்டுவிரல் நுனியளவுதான் என்று நினைத்தது ஞாபகம்.
சட்டி பாதியானது பிறகுதான் தெரிந்தது.
இரவு ஒன்றரைக்குக் கேதுசன் 1990க்கு அடித்தான்.
ஏறாவூர் தாண்டும்வரை
'தயிர்க்காரி தயிரால் செத்தாள்' என்று
சிரிக்கப்போகிற சனத்தை
ஒவ்வொருத்தராய் எண்ணிக்கொண்டு போனேன்.

நாலு துளை. கமரா.
முழித்தபோது நோ தோளில் நின்றது.
வயிற்றுக்குள் காற்றடித்தோம், ரெண்டு நாளில் போகும் என்றா மிஸ்.
பை இல்லாமல் பித்தம் என்ன செய்யும்?
ஈரலில் ஊறும், நேரே குடலுக்குச் சொட்டும்.
கொஞ்சங் கொஞ்சமாய்ச் சாப்பிட்டுப் பழகுங்க.
பக்கத்துக் கட்டிலில் ஓட்டமாவடி றாஹிலா உம்மா
நோன்பு பிடிக்கலாமா என்று
வருகிற டொக்டர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தா,
ஒருவராவது வேறு பதில் சொல்லட்டும் என்று.

ஊசிமருந்துப் போத்தலில் போட்டுத் தந்தார்கள்.
ஒன்பது. வெந்தயத்தைவிடப் பெரிசு,
கச்சானைவிடச் சின்னது. மங்கின பச்சை.
கடையில் பாணிப் போத்தல்களுக்குப் பக்கத்தில் வைத்தேன்,
ஏன் என்று கேட்டால் தெரியாது.

நேற்றுப் பொலன்னறுவை பஸ் நின்றது.
ஒருவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து
"இது எவ்வளவு?" என்றார்.

தொப்புள் தையல் இழுக்க இழுக்கச்
சிரித்தேன்.
அவர் இன்னும் விலைக்காக நின்றுகொண்டிருந்தார்.